லிங்க்கைத் தட்டினால் வேலை நடக்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள விடுதிகள், பூ வியாபாரிகள், தேன் கடைகளுக்கு இணையதளம் செய்து பராமரித்துக் கொடுக்கிறேன். அடிக்கடி வரும் போன் இதுதான்: "தம்பி, தட்டினா ஒண்ணும் வரல்லயே." சில நேரம் "ரெண்டு தடவ போவுது." சில நேரம் "பக்கம் மேல சாடுது." மூன்றும் வேறு வேறு புகார் போலத் தெரிந்தாலும், ஜாவாஸ்கிரிப்ட் லிங்க்கின் கிளிக்கைப் பிடிக்கும் அந்த ஓர் இடத்தில்தான் எல்லாம் முளைக்கின்றன. உங்கள் தளத்தை நீங்களே பார்த்துக்கொள்பவராக இருந்தால் கீழே உங்கள் அறிகுறியைத் தேடி, அங்கிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில், செலவு பிடிக்கும் காரணம் கடைசியில்.

கட்டளைகளின் பெயர்களை வாசிக்க வசதியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். உண்மையான கோடில் (code) ஜாவாஸ்கிரிப்ட் கட்டளைகள் பெரும்பாலும் இடைவெளி இல்லாமல் வரும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

கம்ப்யூட்டரில் குரோம் திறந்து எஃப்12 அழுத்துங்கள். பிழைச் செய்திகள் வரும் கன்சோல் தாவலுக்குப் போய், அதன் அமைப்பில் 'பிரிசர்வ் லாக்' என்பதை டிக் செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் பக்கம் மாறிய நொடியில் பிழைச் செய்தியும் அழிந்துபோகும், பிறகு பேயைத் தேடுகிற கதைதான். அடுத்து, பிரச்சினையுள்ள லிங்க் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள். அந்த லிங்க்கின் ஹெச்ரெஃப்பில் (href, போக வேண்டிய முகவரியை எழுதும் இடம்) என்ன இருக்கிறது? உண்மையான முகவரியா, வெறும் # குறியா, ஒன்றுமே இல்லையா? குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும். கடைசியாக, இன்காக்னிட்டோ ஜன்னலில் அதே பக்கத்தைத் திறந்து தட்டிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் நேராக ஆறாவது அறிகுறிக்குப் போய்விடலாம்.

## அறிகுறி 1: தட்டினால் எதுவுமே நடக்கவில்லை

### கன்சோலில் சிவப்பு வரி இருக்கிறது

அந்த வரியில் 'நல்' (null) என்ற சொல் இருந்தால், ஸ்கிரிப்ட் லிங்க்கைத் தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை. மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

பெயர் பொருந்தவில்லை என்பது முதலாவது. பக்கத்தில் ஓர் உறுப்பைத் தேடும் குவெரி செலக்டரில் கிளாஸ் பெயருக்கு முன்னால் புள்ளி, ஐடிக்கு முன்னால் # வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கிடைக்காது.

இரண்டாவது, லிங்க் பிறப்பதற்கு முன்பே ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது. பக்கத்தின் தலைப்பகுதியில் ஸ்கிரிப்ட்டைச் சேர்த்திருந்தால் இதுதான் நடக்கும். ஸ்கிரிப்ட் டேக்கில் 'டிஃபர்' என்ற ஒரே சொல்லைச் சேருங்கள். ஹெச்டிஎம்எல் முழுவதும் படிக்கப்பட்ட பிறகுதான் அது ஓடும். தனிக் கோப்பாக இருக்கும் ஸ்கிரிப்ட்டுக்கு மட்டுமே டிஃபர் செல்லும். பக்கத்துக்குள்ளேயே எழுதியிருந்தால் அதைக் கீழே, பாடி முடியும் இடத்துக்கு நகர்த்துங்கள்.

மூன்றாவதுதான் பலரையும் சுற்றவிடுவது. எல்லாப் பக்கத்துக்கும் ஒரே ஸ்கிரிப்ட் கோப்பு. முகப்பில் கேலரி லிங்க் உண்டு, தொடர்புப் பக்கத்தில் கிடையாது. தொடர்புப் பக்கத்தில் கேலரியைத் தேடும் வரி விழுந்ததும், அதற்குக் கீழே எழுதிய எல்லாமே நின்றுபோகும். கேலரிக்குச் சம்பந்தமே இல்லாத மெனு லிங்க் செத்துக் கிடக்கும். லிங்க் கிடைத்ததா என்று ஒரு 'இஃப்' வைத்துப் பார்த்த பிறகே அதன் மேல் கிளிக்கை மாட்டுங்கள், அதாவது தட்டும்போது ஓட வேண்டிய ஃபங்ஷனை (கட்டளைத் தொகுப்பை) இணையுங்கள்.

சிவப்பு வரி 'கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி' என்று சொன்னால், ஹெச்டிஎம்எல்லுக்குள்ளேயே எழுதிய ஆன்கிளிக்கை சர்வரின் பாதுகாப்பு விதி தடுக்கிறது. விதியைத் தளர்த்த வேண்டாம். ஆன்கிளிக்கை எடுத்துவிட்டு, தனி ஸ்கிரிப்ட் கோப்பில், கிளிக்கை மாட்டும் கட்டளையான ஆட் ஈவென்ட் லிசனர் வழியாக மாட்டுங்கள்.

### சிவப்பு வரியே இல்லை

இன்ஸ்பெக்ட்டில் லிங்க்கைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் உள்ள 'ஈவென்ட் லிசனர்ஸ்' தாவலைத் திறங்கள். அங்கே 'கிளிக்' இல்லையென்றால் கிளிக் மாட்டப்படவே இல்லை. ஆட் ஈவென்ட் லிசனருக்குள் 'கிளிக்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஆன்கிளிக்' என்று எழுதியிருக்கலாம். அப்படி எழுதினால் பிரவுசர் எந்தக் குறையும் சொல்லாது, வேலையும் செய்யாது. அல்லது ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டிருப்பீர்கள். அப்போது பக்கம் திறக்கும்போதே அது ஓடி முடிந்திருக்கும், தட்டும்போது ஒன்றும் மிஞ்சியிருக்காது.

தாவலில் 'கிளிக்' இருக்கிறது, ஆனாலும் நடக்கவில்லை என்றால், மேலே ஏதோ மூடியிருக்கிறது. ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுத்தபோது லிங்க்குக்குப் பதிலாக வேறொரு டிவ் (பக்கத்தில் ஒரு பெட்டிப் பகுதி) ஒளிர்ந்ததா? அதுதான் ஆள். 'லோடிங்' என்று காட்டிவிட்டு மறையும் திரை இதில் முதல் இடம் பிடிக்கும். சிஎஸ்எஸ்ஸில் ஒபாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) பூஜ்யமாக்கினால் கண்ணுக்கு மறையும், விரலுக்கு மறையாது. மறைந்த பிறகு 'டிஸ்பிளே நன்' கொடுங்கள், அல்லது 'பாயின்டர் ஈவென்ட்ஸ் நன்' கொடுங்கள். போனில் பார்த்தால், வலது கீழ் மூலையில் மிதக்கும் பச்சை வாட்ஸ்அப் பட்டன் 'புக் செய்' லிங்க் மேல் உட்கார்ந்திருப்பதும் உண்டு.

### முதல் லிங்க் மட்டும் வேலை செய்கிறது

குவெரி செலக்டர் முதலில் கிடைப்பதை மட்டும் தரும். எல்லாவற்றுக்கும் 'குவெரி செலக்டர் ஆல்' எழுதி, ஒவ்வொன்றாகச் சுற்றி மாட்ட வேண்டும்.

### பழையவை வேலை செய்கின்றன, புதிதாக வந்தவை இல்லை

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் சரிசெய்யும் முறை தெரிந்தால் பாதித் தலைவலி நிரந்தரமாகப் போய்விடும்.

தோவாளைப் பூ மார்க்கெட் விலையைக் காட்டும் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிச்சி, மல்லி, கேந்தி, சம்பங்கி என்று வரிசை. ஒவ்வொரு பூவுக்கும் எதிரே 'ஆர்டர்' லிங்க். விலை மாறும்போதெல்லாம் ஸ்கிரிப்ட் அந்த அட்டவணையை அழித்துப் புதிதாக எழுதுகிறது. பக்கம் திறந்தவுடன் தட்டினால் ஆர்டர் போகிறது. விலை ஒரு முறை புதுப்பிக்கப்பட்ட பிறகு தட்டினால் ஒன்றும் இல்லை. பார்வைக்கு அதே லிங்க், ஆனால் உள்ளே அது புதுப் பிறவி. பழைய லிங்க்கில் மாட்டிய கிளிக் பழையதோடு போய்விட்டது. விடுதித் தளங்களிலும் இதே கதைதான். 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்ததும் கேலரியில் புதுப் படங்களைச் சேர்த்து, 'மேலும் காட்டு' வைத்தால், பழைய படங்கள் பெரிதாகத் திறக்கும், 'மேலும் காட்டு' கொண்டுவந்த பாலத்தின் படங்கள் திறக்காது.

புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் திரும்ப மாட்டலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள், மூன்றாவது அறிகுறியில் போய் விழுவீர்கள். அழியாமல் நிற்கும் தாய் உறுப்பில், அதாவது அட்டவணையிலேயே, ஒரே ஒரு கிளிக்கை மாட்டுங்கள். உள்ளே எந்த லிங்க்கைத் தட்டினாலும் கிளிக் மேலேறி அட்டவணைக்கு வந்து சேரும். வந்ததும், தட்டுப்பட்ட இடத்திலிருந்து 'குளோசஸ்ட்' கொண்டு அருகிலுள்ள லிங்க்கைத் தேடுங்கள். கிடைத்தால் வேலையைச் செய்யுங்கள், கிடைக்காவிட்டால் திரும்பிவிடுங்கள். நாளைக்கு எத்தனை வரி புதிதாக வந்தாலும் கோடைத் தொட வேண்டியதில்லை.

### எழுத்தைத் தட்டினால் வேலை செய்கிறது, ஐகானைத் தட்டினால் இல்லை

ஈவென்ட்டின் 'டார்கெட்' என்பது விரல் பட்ட ஆக உள்ளேயுள்ள உறுப்பு. லிங்க்குக்குள் படம் இருந்தால் டார்கெட் அந்தப் படம்தான். இதற்கும் குளோசஸ்ட்தான் மருந்து.

இவ்வளவு பார்த்தும் கிளிக் வந்து சேரவில்லை என்றால், வாங்கிப் போட்ட ஸ்லைடரோ மெனுவோ நடுவில் 'ஸ்டாப் பிராப்பகேஷன்' கொடுத்துக் கிளிக்கை விழுங்கியிருக்கலாம். அந்த ஸ்லைடரின் கோடு சுருக்கி நசுக்கப்பட்ட ஒற்றை வரியாக இருந்தால் அதில் கை வைக்க வேண்டாம். டெவலப்பரைக் கூப்பிடும் இடம் இது.

## அறிகுறி 2: வேலை தொடங்குகிறது, ஆனால் பக்கம் ஓடிவிடுகிறது அல்லது மேலே சாடுகிறது

மேலே சாடினால் ஹெச்ரெஃப்பில் வெறும் # இருக்கிறது, லிங்க்கின் வழக்கமான வேலையை நிறுத்தும் 'பிரிவென்ட் டிஃபால்ட்' கட்டளை இல்லை. மார்த்தாண்டம் பக்கத்துக் கடைத் தளங்களில் தமிழ்–மலையாளம் மாற்றும் லிங்க்கில் இதை அதிகம் பார்க்கிறேன். எல்லை தாண்டி வரும் வாடிக்கையாளர் பக்கத்தின் அடியில் விலையைப் படித்துக்கொண்டிருக்கிறார், 'மலையாளம்' தட்டுகிறார், பக்கம் உச்சிக்குப் போய்விடுகிறது. பிரிவென்ட் டிஃபால்ட் சேர்த்தால் நின்றுவிடும். ஆனால் எங்கும் போகாத ஒன்றுக்கு லிங்க் எதற்கு? அது பட்டன். பட்டனாக மாற்றுங்கள், லிங்க் போலத் தெரிய வேண்டுமானால் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும். பட்டன் ஏதாவது ஃபார்முக்குள் இருந்தால் 'டைப்' என்ற இடத்தில் 'பட்டன்' என்றே எழுத மறக்க வேண்டாம். எழுதாவிட்டால் அது சப்மிட்டாக நடந்துகொண்டு பக்கத்தையே புதுப்பித்துவிடும்.

பிரிவென்ட் டிஃபால்ட் எழுதியும் பக்கம் ஓடுகிறதா? அது எத்தனையாவது வரி என்று பாருங்கள். அதற்கு மேலே உள்ள வரியில் பிழை வந்தால் பிரிவென்ட் டிஃபால்ட் வரையில் போய்ச் சேரவே சேராது, லிங்க் தன் பாட்டுக்குப் போய்விடும். பிரிசர்வ் லாக் டிக் செய்யச் சொன்னது இதைப் பிடிக்கத்தான். பதிலுக்குக் காத்திருக்கச் சொல்லும் 'அவெய்ட்'டுக்குப் பிறகு எழுதியிருந்தாலும் இதே கதி. சர்வர் பதில் சொல்லி முடிப்பதற்குள் பிரவுசர் தன் முடிவை எடுத்திருக்கும். ஃபங்ஷனின் முதல் வரிகளிலேயே எழுதுங்கள்.

இன்னொன்று 'ரிட்டர்ன் ஃபால்ஸ்'. ஜேக்குவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பிலும் ஹெச்டிஎம்எல் ஆன்கிளிக்கிலும் அது பக்கத்தை நிறுத்தும். ஆட் ஈவென்ட் லிசனரில் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. பழைய ஜேக்குவெரி தளத்தைப் புதுப்பித்த பிறகு இந்த அறிகுறி வந்தால் முதலில் இதைத் தேடுங்கள்.

## அறிகுறி 3: ஒரு தட்டலுக்கு இரண்டு முறை நடக்கிறது

ஓணம் சீசனில் பூ ஆர்டர் இரண்டு மடங்கு பதிவாகி, இரண்டு மூட்டை கட்டிவிட்டால் வியாபாரிக்குப் பண இழப்பு. அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில், தட்டியவர் உண்மையிலேயே இரண்டு முறை தட்டினாரா? நெட் மெதுவாக இருக்கும்போது பதில் வராவிட்டால் யாரும் மறுபடி தட்டத்தான் செய்வார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. தட்டியவுடன் பட்டனை 'டிசேபிள்' செய்து, 'அனுப்புகிறது' என்று எழுதிக் காட்டுங்கள். லிங்க்குக்கு டிசேபிள் கிடையாது, ஆர்டர் போடுவதைப் பட்டனாக வைக்க இது இன்னொரு காரணம்.

ஒரே தட்டலுக்கு எஃப்12 திரையின் நெட்வொர்க் தாவலில் இரண்டு கோரிக்கை போனால், ஈவென்ட் லிசனர்ஸ் தாவலில் கிளிக் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டு இருந்தால், ஸ்கிரிப்ட் கோப்பு பக்கத்தில் இரண்டு தடவை சேர்க்கப்பட்டிருக்கலாம். அல்லது ஒவ்வொரு முறை பாப்அப் திறக்கும்போதும் அதே லிங்க்கில் கிளிக் மாட்டப்படுகிறது. இரண்டாவதன் அடையாளம் தெளிவானது: முதல் முறை திறந்தால் ஒன்று, அடுத்த முறை இரண்டு, அப்புறம் மூன்று என்று ஏறிக்கொண்டே போகும். மாட்டும் வரியைத் திறக்கும் ஃபங்ஷனுக்கு வெளியே எடுத்து வையுங்கள். பெயரில்லாத ஃபங்ஷனை மாட்டியிருந்தால் 'ரிமூவ் ஈவென்ட் லிசனர்' அதைக் கழற்றாது. மாட்டிய அதே ஃபங்ஷனைப் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எண்ணிக்கை ஒன்றுதான், ஆனாலும் இரட்டிப்பு என்றால், 'டச் எண்ட்', 'கிளிக்' இரண்டிலும் ஒரே ஃபங்ஷன் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். போனில் விரல் எடுத்ததும் இரண்டும் அடுத்தடுத்து வரும். கிளிக் மட்டும் போதும். முன்பு டச் வைத்ததற்குக் காரணம் போனில் கிளிக்குக்கு 300 மில்லிசெகண்ட் தாமதம் இருந்ததுதான். ஆண்ட்ராய்டு குரோமில் 2014-லும், ஐபோன் சஃபாரியில் 2016-லும், போன் திரையின் அகலத்துக்குப் பக்கத்தைப் பொருத்தும் வியூபோர்ட் வரியைச் சரியாக எழுதிய பக்கங்களுக்கு அந்தத் தாமதம் போய்விட்டது.

பணம் கட்டும் இடத்தில் இரட்டிப்பு வந்தால் பிரவுசர் பக்கம் சரிசெய்தது மட்டும் போதாது. ஒரே ஆர்டரை இரண்டாம் முறை ஏற்காதபடி சர்வரிலும் தடுப்பு வேண்டும். அன்றைக்கே தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், அதுவரை பணம் கட்டும் லிங்க்கை எடுத்துவிட்டு போன் நம்பரைப் போடுங்கள்.

## அறிகுறி 4: கம்ப்யூட்டரில் சரி, போனில் இல்லை

யூஎஸ்பி கேபிளில் ஆண்ட்ராய்டு போனை மாட்டி, போனில் 'யூஎஸ்பி டீபக்கிங்' இயக்கி, கம்ப்யூட்டர் குரோமின் முகவரிப் பட்டியில் chrome://inspect என்று எழுதித் திறந்தால் போனின் கன்சோலை அப்படியே பார்க்கலாம். ஊகிப்பதைவிட இது வேகம்.

ஐபோனில் மட்டும் பிரச்சினை, நீங்கள் கிளிக்கை முழுப் பக்கத்தையும் குறிக்கும் டாக்குமென்ட்டில் மாட்டியிருக்கிறீர்கள், தட்டப்படுவது வெறும் டிவ் அல்லது ஸ்பேன் என்றால், சஃபாரி அந்தக் கிளிக்கை மேலே அனுப்பாமல் விடலாம். அதை லிங்க்காகவோ பட்டனாகவோ மாற்றுங்கள். அவசரத்துக்கு சிஎஸ்எஸ்ஸில் 'கர்சர் பாயின்டர்' கொடுத்தாலும் வேலை செய்யும். முதல் தட்டலில் மெனு மட்டும் விரிந்து இரண்டாம் தட்டலில்தான் போகிறது என்றால் 'ஹோவர்' (மவுஸ் மேலே வந்தால் நடப்பது) காரணம். போனுக்கு ஹோவர் விதிகளை விலக்கி வையுங்கள்.

மற்றது வேகம். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் மலையோரத்தில் சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் ஒருவர் விடுதி தேடுகிறார். ஹெச்டிஎம்எல் வந்துவிட்டது, லிங்க் திரையில் தெரிகிறது, ஸ்கிரிப்ட் இன்னும் பாதி வழியில். அவர் தட்டுகிறார். ஹெச்ரெஃப்பில் # இருந்தால் அவருக்கு எதுவும் கிடைக்காது. உண்மையான முகவரி இருந்தால், அழகான பாப்அப் வராவிட்டாலும் அறை விவரப் பக்கமாவது திறக்கும். அதனால்தான் ஆரம்பத்தில் ஹெச்ரெஃப்பைக் குறித்து வைக்கச் சொன்னேன். போகும் இடம் உள்ள ஒவ்வொரு லிங்க்கிலும் உண்மையான முகவரியை எழுதுங்கள், ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேர்ந்தால் அதன் மேல் வசதி சேர்க்கட்டும். கீபோர்டில் நகர்பவருக்கும் இதுவே வழி, ஹெச்ரெஃப் இல்லாத லிங்க்கில் டேப் விசை நிற்காது. கூகுளும் ஹெச்ரெஃப் உள்ள லிங்க்கைத்தான் பின்தொடரும்.

சோதிக்க மலையேற வேண்டாம். நெட்வொர்க் தாவலில் வேகத்தை 'ஸ்லோ' என்று குறைத்துவிட்டு, பக்கம் தெரிந்தவுடன் தட்டிப் பாருங்கள்.

## அறிகுறி 5: புதிய டேப், பின் பட்டன், ரீலோட் ஆகியவற்றில் தகராறு

கன்ட்ரோல் அழுத்திக் கிளிக் செய்தால் புதிய டேப் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் உங்கள் ஃபங்ஷன் எல்லாக் கிளிக்கையும் பிடித்து வைக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், மேக்கின் கமாண்ட் விசை அழுத்தியிருந்தால் எதையும் தடுக்காமல் திரும்பிவிடும்படி முதல் வரியில் எழுதுங்கள்.

'விண்டோ ஓப்பன்' தடுக்கப்படுகிறது என்றால், அது சர்வர் பதிலுக்குக் காத்திருந்து பிறகு திறக்கிறது. தட்டலுக்கும் திறப்புக்கும் இடைவெளி நீண்டால் பிரவுசர் அதை விளம்பரமாக எண்ணித் தடுக்கும், சஃபாரி இதில் கூடுதல் கறார். தட்டியவுடன் திறங்கள், முகவரியைப் பிறகு கொடுங்கள்.

பக்கத்தைத் திரும்ப ஏற்றாமல் முகவரியை மாற்றும் புஷ் ஸ்டேட் வைத்துப் பக்கம் மாற்றும் தளத்தில் பின் பட்டன் அழுத்தினால் முகவரி மாறி உள்ளடக்கம் மாறாவிட்டால், பின் பட்டன் அழுத்தியதைச் சொல்லும் 'பாப் ஸ்டேட்'டைக் கேட்க உங்கள் ஸ்கிரிப்ட்டில் எதுவும் இல்லை. அதை எழுத வேண்டும். ரீலோட் செய்தால் 404 வந்தால் ஜாவாஸ்கிரிப்ட்டில் தேடாதீர்கள். அந்த முகவரிக்கு என்ன தர வேண்டும் என்று சர்வருக்குத் தெரியவில்லை. சர்வர் அமைப்பில் பழக்கமில்லாதவர் அதைத் தொட்டால் தளம் முழுவதும் விழலாம், ஹோஸ்டிங் பார்க்கும் ஆளிடம் விடுங்கள்.

## அறிகுறி 6: எனக்குச் சரி, வாடிக்கையாளருக்கு மட்டும் இல்லை (அல்லது நேர்மாறு)

பழைய ஸ்கிரிப்ட், பிரவுசர் சேமித்து வைக்கும் கேஷில் (cache) கிடக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றும் அழுத்துங்கள். வாடிக்கையாளரை அப்படிச் செய்யச் சொல்ல முடியாது என்பதால் ஸ்கிரிப்ட் கோப்பின் பெயருக்குப் பின்னால் பதிப்பு எண் சேர்த்து, மாற்றும்போதெல்லாம் எண்ணைக் கூட்டுங்கள். வேர்ட்பிரஸ் என்றால் கேஷ் பிளகின்னைக் காலி செய்யுங்கள். 'ஜாவாஸ்கிரிப்ட்டைத் தாமதப்படுத்து' என்ற வசதி அதில் இயங்கினால் நிறுத்திப் பாருங்கள், முதல் தட்டல் வீணாவதற்கு அதுவே காரணமாகலாம். லிங்க்கின் கிளாஸ் பெயரில் விளம்பரத்தைக் குறிக்கும் சொல் இருந்தால் விளம்பரத் தடுப்பான் அதை மறைத்துவிடும், பெயரை மாற்றுங்கள். பிரவுசரின் பின்னணியில் ஓடும் சர்வீஸ் ஒர்க்கர் என்ற ஸ்கிரிப்ட் பழையதைப் பிடித்துக்கொண்டிருந்தால் டெவலப்பர் வேண்டும்.

## அறிகுறி 7: தட்டினால் சம்பந்தமில்லாத தளத்துக்குப் போகிறது

சூதாட்டம், போலிப் பரிசு என்று எங்கோ போகிறதா? உங்களுக்கு வராமல் போனில் வருபவர்களுக்கு மட்டும் வரலாம், முதல் முறை வருபவருக்கு மட்டும் வரலாம். வாடிக்கையாளர் சொன்னால் நம்புங்கள். தளத்துக்குள் யாரோ புகுந்து ஸ்கிரிப்ட் செருகியிருக்கிறார்கள். அந்த வரியைக் கண்டுபிடித்து அழித்தாலும் திரும்பி வரும், புகுந்த வழி திறந்தே இருக்கிறது.

இங்கே நீங்கள் செய்யக்கூடியவை சில மட்டும்தான். தளத்தைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். இப்போதுள்ள நிலையிலேயே ஒரு நகல் எடுத்து வையுங்கள், புகுந்த வழியைத் தேட அது வேண்டும். நோய் இல்லாத வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து ஹோஸ்டிங், அட்மின், மெயில் கடவுச்சொற்களை மாற்றுங்கள். அப்புறம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். எந்த லிங்க், எந்த போன், எத்தனை மணிக்கு, எந்த முகவரிக்குப் போனது என்பதை ஸ்கிரீன்ஷாட்டோடு முதல் மெசேஜிலேயே அனுப்பிவிடுங்கள், கடைசியாகச் சேர்த்த பிளகின் பெயரையும் அதிலேயே எழுதுங்கள்.